விதி எழுதி வளர்ச்சிப் பங்கு வாங்கலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இரண்டு இதழ்களுக்கு முன்னால் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். வேகமாக வளரும் கம்பெனிகளின் பங்குகளை வாங்குகிறவர்கள், முன்கூட்டியே எழுதிவைத்த விதிகளின்படி மட்டுமே வாங்கி விற்றால் செய்கிற தவறுகளில் பாதியாவது குறையும் என்று. அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. சிலர் பாராட்டியிருக்கிறீர்கள், சிலர் திட்டியிருக்கிறீர்கள், ஒருவர் தன்னுடைய எக்ஸெல் கோப்பையே அனுப்பிவிட்டார். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

விதி வைத்து வாங்குவது என்று புதிதாக என்ன இருக்கிறது? நானும் நல்ல கம்பெனியா, நல்ல நிர்வாகமா, வளர்கிற துறையா என்று பார்த்துத்தான் 15 வருஷமாக வாங்குகிறேன்.

நீங்கள் சொன்ன மூன்றும் அபிப்பிராயம் சார், விதி இல்லை. ஒரு சோதனை செய்து பாருங்கள். உங்கள் விதிகளை ஒரு தாளில் எழுதி, பங்குச் சந்தை பற்றி ஒன்றுமே தெரியாத, ஆனால் சதவீதக் கணக்குப் போடத் தெரிந்த ஒருவரிடம் கம்பெனிக் கணக்குகளோடு சேர்த்துக் கொடுங்கள். அவர் எடுத்துத் தருகிற பட்டியலும் நீங்கள் எடுக்கிற பட்டியலும் ஒன்றாக இருந்தால் அது விதி. 'விற்பனை நன்றாக வளர வேண்டும்' என்று எழுதியிருந்தால் அவர் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார். 'கடைசி நான்கு காலாண்டுகளில் ஒவ்வொன்றிலும் விற்பனை, முந்தைய ஆண்டின் அதே காலாண்டைவிட 20 சதவீதமாவது கூடியிருக்க வேண்டும்' என்று இருந்தால் உங்களைக் கூப்பிடாமலேயே வேலையை முடித்துவிடுவார்.

இதில் என்ன லாபம் என்று கேட்பீர்கள். பால் மீல் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954-லேயே இதைப் பற்றி எழுதிவிட்டார். அவர் பேசியது பங்குச் சந்தையைப் பற்றி அல்ல, மாணவர்கள் தேறுவார்களா, நோயாளிகள் குணமாவார்களா என்பது போன்ற கணிப்புகளைப் பற்றி. ஏறத்தாழ 20 ஆய்வுகளை எடுத்து, அனுபவசாலிகளின் தீர்ப்பையும் எளிய கணக்குச் சூத்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் சூத்திரம் சமமாகவோ மேலாகவோ வந்தது. அனுபவசாலிகளுக்குக் கோபம் வந்தது, அது வேறு கதை. சூத்திரத்துக்கு நம்மைவிட அறிவு ஜாஸ்தி என்று இதற்கு அர்த்தம் இல்லை. அது திங்கட்கிழமை ஒரு மாதிரியும் வெள்ளிக்கிழமை ஒரு மாதிரியும் யோசிப்பதில்லை, மச்சான் வாங்கிய பங்கு இரண்டு மடங்கு ஆகிவிட்டது என்று கேள்விப்பட்டால் அதற்கு வயிறு எரிவதும் இல்லை, அவ்வளவுதான்.

சுற்றி வளைக்காமல் உங்கள் விதிகளைக் கொடுங்கள். நான் அப்படியே பின்பற்றிக்கொள்கிறேன்.

அப்படியே பின்பற்ற மாட்டீர்கள், எனக்குத் தெரியும். அடுத்தவர் விதி முதல் நஷ்டம் வரைக்கும்தான் தாங்கும். ஆனால் நான் எதைப் பார்க்கிறேன், ஏன் பார்க்கிறேன் என்று சொல்கிறேன், எண்களை உங்களுக்கு ஏற்றபடி வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் விற்பனை. செலவைக் குறைத்தும் நிலத்தை விற்றும் ஒரு வருஷ லாபத்தை உயர்த்திக் காட்டிவிடலாம், விற்பனையைத் தொடர்ந்து உயர்த்துவது அதைவிடக் கஷ்டம். அடுத்து லாபம். அதிலும் மொத்த லாபத்தைப் பார்க்காதீர்கள், ஒரு பங்குக்கு எவ்வளவு லாபம் என்று பாருங்கள், ஏனென்றால் லாபம் இரண்டு மடங்கு ஆனபோது கம்பெனி புதுப் பங்குகளை வெளியிட்டுப் பங்கு எண்ணிக்கையும் இரண்டு மடங்கு ஆகியிருந்தால் உங்கள் கைக்கு ஒன்றும் வரவில்லை. வில்லியம் ஓ'நீல் என்ற அமெரிக்க முதலீட்டாளர் உருவாக்கிய கேன் ஸ்லிம் முறை இந்த வகை விதிகளில் ரொம்பப் பிரபலமானது. அதில் கடைசிக் காலாண்டின் பங்கு ஒன்றுக்கான லாபம், முந்தைய ஆண்டின் அதே காலாண்டைவிடக் குறைந்தது 25 சதவீதம் கூடியிருக்க வேண்டும் என்பதுதான் முதல் வடிகட்டி.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, விதிகளைக் கொடுத்தால் தேறுகிற பங்குகளை வடிகட்டித் தரும் ஸ்கிரீனரைப் புதிதாகப் பயன்படுத்துகிற எல்லோரும் அதில் ஒருமுறை விழுவார்கள். ஒரு கம்பெனியின் பங்கு ஒன்றுக்கான லாபம் 10, அடுத்த வருஷம் 3, அதற்கடுத்த வருஷம் 9 என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வருஷ வளர்ச்சி 200 சதவீதம், ஸ்கிரீனர் அதைத் தூக்கிப் பட்டியலின் தலையில் உட்காரவைக்கும். உண்மையில் இரண்டு வருஷத்துக்கு முன் இருந்ததைவிட அது 10 சதவீதம் கீழே இருக்கிறது. விழுந்து எழுந்த கம்பெனியை வளர்கிற கம்பெனி என்று நினைத்து வாங்கிவிடுவோம். அதனால் 'லாபம் முந்தைய மூன்று வருஷ உச்சத்தைத் தாண்டியிருக்க வேண்டும்' என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, ரொக்கம். கடனுக்குச் சரக்கை அனுப்பிவிட்டு விற்பனை என்று எழுதிக்கொள்ளலாம், லாபமும் காட்டலாம், பணம் மட்டும் வந்திருக்காது. மூன்று வருஷத்துக்குச் சேர்த்து, தொழிலில் இருந்து வந்த ரொக்கம் நிகர லாபத்தில் 80 சதவீதமாவது இருக்கிறதா என்று பார்க்கிறேன். வர வேண்டிய பாக்கி விற்பனையைவிட வேகமாக ஏறினால் நிராகரிப்பு. பார்த்தா மோகன்ராம் என்ற கணக்கியல் பேராசிரியர் 2005-ல் வளர்ச்சிப் பங்குகளுக்கென்றே எட்டு அம்சங்கள் கொண்ட ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டார், அதிலும் லாபத்தைவிட ரொக்க வரவு அதிகமாக இருந்தால் ஒரு மதிப்பெண் உண்டு. அந்த முறையில் எனக்குப் பிடித்த விஷயம் வேறொன்று. ஆராய்ச்சிக்கும் விளம்பரத்துக்கும் இயந்திரங்களுக்கும் தன் துறையின் நடுநிலை அளவைவிட அதிகமாகச் செலவு செய்கிற கம்பெனிக்கு அது மதிப்பெண் கூட்டும். இன்றைக்கு லாபத்தைக் குறைக்கிற அந்தச் செலவுகள்தான் நாளைய வளர்ச்சிக்கு விதைநெல் என்பது அதன் கணக்கு.

அப்புறம் விலை. எவ்வளவு நல்ல கம்பெனியானாலும் என்ன விலை கொடுத்தாலும் சரி என்று நினைத்தவர்கள் பட்ட பாட்டுக்கு அமெரிக்காவில் 1972-ஐச் சொல்வார்கள். 'நிஃப்டி ஃபிஃப்டி' என்று அழைக்கப்பட்ட 50 பெரிய வளர்ச்சிக் கம்பெனிகளை வாங்கினால் போதும், விற்கவே வேண்டாம் என்று அப்போது ஒரு நம்பிக்கை இருந்தது. அதில் ஒன்றான போலராய்டு, லாபத்தைப்போல 90 மடங்குக்கு மேல் விலை போனது, 1973-74 சரிவில் சுமார் 90 சதவீதம் விழுந்தது. எனவே பங்கின் விலை, ஒரு பங்குக்கான வருஷ லாபத்தைப்போல எத்தனை மடங்கு என்று சொல்லும் பி.இ. விகிதத்தை வளர்ச்சி சதவீதத்தால் வகுத்துப் பார்க்கிற 'பெக்' விகிதம் போல ஏதாவது ஒரு கடிவாளம் இருக்கட்டும். நான் 2-க்கு மேல் போனால் தொடுவதில்லை. இதனால் சில அபாரமான பங்குகளைத் தவறவிட்டிருக்கிறேன், அதற்காக அழுதும் இருக்கிறேன்.

கடைசியாக, விலை ஏறுமுகத்தில் இருக்க வேண்டும். ஜெகதீஷ், டிட்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1993-ல் காட்டியது இது: 3 முதல் 12 மாதங்களாக மற்ற பங்குகளைவிட நன்றாக ஏறியவை, சராசரியாக அடுத்த 3 முதல் 12 மாதங்களும் நன்றாகவே ஏறின. சராசரியாக என்ற சொல்லைத் தாண்டிப் போய்விடாதீர்கள். 2009-ல் சந்தை அடிமட்டத்திலிருந்து திரும்பியபோது, அதுவரை அடிவாங்கிக் கிடந்த பங்குகள்தான் பாய்ந்தன, ஏறுகிற பங்கையே வாங்கும் இந்த 'மொமென்டம்' முறையைப் பின்பற்றியவர்கள் பின்தங்கினார்கள்.

நான் 23 விதிகள் வைத்திருக்கிறேன். இன்னும் சேர்க்கலாமா?

உங்கள் பட்டியலில் இப்போது எத்தனை பங்கு தேறுகிறது? 2000 கம்பெனிகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு விதியும் பாதியை வெளியே தள்ளுகிறது என்று வையுங்கள். ஆறு விதியில் 31 கம்பெனி மிஞ்சும், பதினொரு விதியில் ஒன்று. 23 விதிக்குப் பிறகும் உங்களிடம் பட்டியல் இருக்கிறது என்றால், அவற்றில் பல ஒரே விஷயத்தைத்தான் வேறு வேறு பெயரில் கேட்கின்றன. விற்பனை வளர்ச்சி, செயல்பாட்டு லாப வளர்ச்சி, நிகர லாப வளர்ச்சி, பங்கு ஒன்றுக்கான லாப வளர்ச்சி என்று நாலு வரி எழுதினால் அது நாலு விதி ஆகாது, ஒன்றரை விதி.

பழைய தரவுகளில் என் முறையை ஓட்டிப் பார்த்தேன், 12 வருஷமாக ஆண்டுக்கு 38 சதவீதம் வருகிறது. வேலையை விட்டுவிடலாமா?

வேலையை விடாதீர்கள், தயவுசெய்து. கடிதத்தில் நீங்கள் எழுதியதிலிருந்தே மூன்று கேள்வி கேட்கிறேன்.

'இப்போது பட்டியலில் உள்ள கம்பெனிகள்' என்று எழுதியிருக்கிறீர்கள். 12 வருஷத்துக்கு முன் பட்டியலில் இருந்து, பிறகு திவாலாகிக் காணாமல்போனவை உங்கள் தரவில் இருக்கின்றனவா? இல்லாவிட்டால் உயிரோடு இருப்பவர்களை மட்டும் கூப்பிட்டு 'நோய் எப்படி இருந்தது' என்று விசாரிக்கிற கதைதான் இது. இரண்டாவது, மார்ச் 31-ல் முடிந்த வருஷத்தின் லாபத்தை வைத்து ஏப்ரல் 1 அன்று வாங்கியதாகக் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். அந்த எண் அன்றைக்கு உலகத்தில் யாருக்கும் தெரியாது, முடிவு வெளிவரவே வாரக்கணக்கில் ஆகும். நாளைய செய்தித்தாளை வைத்து நேற்று வியாபாரம் செய்திருக்கிறீர்கள். மூன்றாவது, 18 சதவீதம், 20 சதவீதம், 22 சதவீதம் என்று எல்லைகளை மாற்றி மாற்றி ஓட்டி அதில் சிறந்ததை எடுத்தேன் என்கிறீர்கள். எத்தனை தடவை ஓட்டினீர்கள்? 200 முறை ஓட்டினால் வெறும் அதிர்ஷ்டத்திலேயே ஒன்று பிரமாதமாக வந்து நிற்கும். 20-ல் பிரமாதமாகவும் 18-லும் 22-லும் மோசமாகவும் இருந்தால் அந்த முறையை நம்பாதீர்கள்.

இவ்வளவையும் சரியாகச் செய்கிற பேராசிரியர்களின் கண்டுபிடிப்புகளுக்கே என்ன ஆகிறது என்று மெக்லீன், பான்டிஃப் இருவரும் 2016-ல் பார்த்தார்கள். ஆய்விதழ்களில் வந்த 97 உத்திகள். ஆய்வாளர்கள் பயன்படுத்திய காலத்துக்கு வெளியே ஓட்டிப் பார்த்தபோது ஆதாயம் 26 சதவீதம் குறைந்தது, கட்டுரை வெளிவந்த பிறகு 58 சதவீதம் குறைந்தது. ஆக, உங்கள் 38-ஐ முதலில் பாதியாக்குங்கள், பிறகு தரகு, வரி, வாங்கும் விலைக்கும் திரையில் தெரியும் விலைக்கும் உள்ள வித்தியாசம் எல்லாவற்றையும் கழியுங்கள். அப்படியும் மிஞ்சினால் சின்னத் தொகையில் ஒரு வருஷம் நிஜமாக ஓட்டிப் பாருங்கள்.

ஒரு கம்பெனி ஐந்து வருஷமாக ஆண்டுக்கு 40 சதவீதம் வளர்கிறது. இன்னும் பத்து வருஷம் இப்படியே வளரும் என்று வைத்துக் கணக்குப் போடலாமா?

பத்து வருஷம் 40 சதவீதம் என்றால் இன்றைக்கு இருப்பதைப்போல கிட்டத்தட்ட 29 மடங்கு. அந்த அளவு சரக்கை வாங்க ஆள் இருக்கிறார்களா என்று யோசியுங்கள். சான், கார்செஸ்கி, லகோனிஷோக் மூவரும் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், நீண்டகாலத்துக்கு லாபத்தை உயர்ந்த வேகத்தில் வளர்த்துக்கொண்டே போகிற கம்பெனிகள், தற்செயலாக எத்தனை இருக்கும் என்று எதிர்பார்ப்போமோ ஏறத்தாழ அத்தனைதான் இருந்தன. கடந்த வளர்ச்சி பட்டியலில் நுழைய டிக்கெட், அவ்வளவே. ஒவ்வொரு காலாண்டும் திரும்பவும் டிக்கெட் பரிசோதனை உண்டு.

எல்லா விதிகளிலும் தேறிய பங்கு, நான் வாங்கியபின் 30 சதவீதம் விழுந்துவிட்டது. கம்பெனி நன்றாகத்தானே இருக்கிறது, இன்னும் வாங்கிச் சராசரி விலையைக் குறைக்கலாமா?

இந்தக் கேள்விக்காகத்தான் மற்றதையெல்லாம் எழுதினேன். உங்கள் கடிதத்தில் வாங்குவதற்கு ஒன்பது விதி இருக்கிறது, விற்பதற்கு ஒன்றுகூட இல்லை. எவ்வளவு வாங்குவது என்பதற்கும் இல்லை. இப்படித்தான் எல்லோரும் ஆரம்பிக்கிறோம், ஏனென்றால் தேர்ந்தெடுப்பது சுவாரசியமான வேலை, விற்பது அசிங்கமான வேலை.

என்ரான் என்ற அமெரிக்க எரிசக்திக் கம்பெனியின் கதையைப் பாருங்கள். 1999-ல் சுமார் 40 பில்லியன் டாலர் விற்பனை, 2000-ல் 100 பில்லியனுக்கு மேல். உங்கள் விற்பனை விதியில் முதல் மாணவன். நான் மேலே பெருமையாகச் சொன்ன ரொக்க விதி காப்பாற்றியிருக்குமா? 2000-ல் என்ரான் காட்டிய ரொக்க வரவு, காட்டிய லாபத்தைவிடப் பல மடங்கு. கடனையே தொழில் வரவு மாதிரி காட்டியிருந்தார்கள். அதையும் தாண்டிப் பட்டியலுக்குள் வந்திருக்கும். கம்பெனி தருகிற எண்ணை நம்பித்தான் எந்த விதியும் ஓடுகிறது, எண்ணே பொய் என்றால் விதி என்ன செய்யும்? ஆனால் 2000 ஆகஸ்டில் 90 டாலர் அருகே இருந்த அந்தப் பங்கு, 2001 டிசம்பரில் திவால் மனு போடுவதற்கு முன்பே ஒரு டாலருக்குக் கீழே வந்துவிட்டது. வழி நெடுக இறங்கிக்கொண்டேதான் இருந்தது. 'வாங்கிய விலையிலிருந்து இத்தனை சதவீதம் இறங்கினால் வெளியே' என்ற ஒரே ஒரு முட்டாள்தனமான வரி வைத்திருந்தவர், மோசடியைப் பற்றி ஒன்றும் தெரியாமலேயே தப்பித்திருப்பார்.

ஓ'நீல் 7, 8 சதவீதத்திலேயே வெட்டிவிடச் சொல்கிறார். எனக்கு அது ரொம்ப நெருக்கமாகப் படுகிறது, வளர்ச்சிப் பங்குகள் சாதாரணமாகவே அந்த அளவு ஆடும். நான் 20 சதவீதம் வைத்திருக்கிறேன். எண்ணை நீங்கள் முடிவு செய்யுங்கள், ஆனால் கணக்கை மறக்காதீர்கள்: 8 சதவீதம் போனால் பழைய இடத்துக்கு வர சுமார் 8.7 சதவீதம் ஏறினால் போதும், 30 போனால் 43 ஏற வேண்டும், 50 போனால் 100, 80 போனால் 400.

என் சொந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். பல வருஷத்துக்கு முன் ஒரு சிறிய கம்பெனி, பெயர் வேண்டாம், என் விதிகளில் எல்லாம் தேறியது. 20 சதவீதம் இறங்கியது. தாளில் 'விற்க' என்று இருக்கிறது. நான் விற்கவில்லை, அந்தக் கம்பெனியைப் பற்றி எனக்கு அவ்வளவு தெரியும் என்று நினைப்பு. இன்னும் வாங்கினேன். அப்புறம் இன்னும். கடைசியில் 70 சதவீத நஷ்டத்தில் வந்தேன், அதற்குள் அது என் மொத்தப் பணத்தில் கால் பங்காகியிருந்தது. 5 சதவீதத்தில் ஆரம்பித்த பங்கு சார் அது.

எதிர்க் கேள்வி வரும், நானே கேட்டுவிடுகிறேன். அமேசான் 1999 இறுதி உச்சத்திலிருந்து 2001-க்குள் 90 சதவீதத்துக்கு மேல் விழுந்ததே, விற்றவன் ஏமாந்தவன்தானே? ஆமாம், விதி உங்களை அமேசானிலிருந்தும் வெளியே தள்ளியிருக்கும். ஆனால் திரும்ப உள்ளே வரக்கூடாது என்று எந்த விதியும் சொல்லவில்லை. மறுபடி தேறினால் மறுபடி வாங்கலாம், விற்றதைவிட அதிக விலையில் வாங்க மனசு வலிக்கும், வலிக்கட்டும். அந்தச் சரிவில், டெக்னாலஜி கம்பெனிகள் நிறைந்த அமெரிக்காவின் நாஸ்டாக் குறியீடே 2000 மார்ச்சிலிருந்து 2002 அக்டோபருக்குள் 78 சதவீதம் இழந்தது, பழைய உச்சத்தை எட்டிப்பிடிக்க 2015 ஆனது. அமேசானைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தவரைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். மற்ற பங்குகளைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தவர்கள் கடிதம் எழுதுவதில்லை.

உங்கள் பங்குக்கு வருகிறேன். சராசரி செய்யாதீர்கள். எப்போது விற்பது என்ற விதி இல்லாமல் வாங்கிவிட்டதால், இன்றைய விலையில் இந்தப் பங்கை ஒன்பது விதிகளிலும் திரும்ப ஓட்டுங்கள். தேறாவிட்டால் இன்றே விற்றுவிடுங்கள். தேறினால் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் வெளியேறும் விலையை இப்போதே எழுதுங்கள்.

மொத்தம் எத்தனை பங்கு வைத்துக்கொள்வது?

15 முதல் 25. ஒன்றில் 5, 6 சதவீதத்துக்கு மேல் புதிதாகப் போடாதீர்கள். ஹென்ட்ரிக் பெசெம்பைண்டர் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், 1926 முதல் அமெரிக்கச் சந்தை உருவாக்கிய நிகரச் செல்வம் முழுவதையும் வெறும் 4 சதவீதக் கம்பெனிகளே தந்திருந்தன, பாதிக்கு மேற்பட்ட பங்குகள் தங்கள் ஆயுள் முழுக்க அரசின் குறுகியகாலக் கடன்பத்திரத்தைக்கூட மிஞ்சவில்லை. மூன்றே பங்கு வைத்திருப்பவர் அந்த 4 சதவீதத்தில் கை வைப்பார் என்பதற்கு என்ன உத்தரவாதம்? அதே காரணத்துக்காக, ஏறிக்கொண்டிருக்கும் பங்கை லாபம் வந்தவுடன் விற்கும் விதியையும் வைக்காதீர்கள்.

எனக்கு வேலை, வீடு, குழந்தை எல்லாம் இருக்கிறது. இதற்கெல்லாம் நேரம் எங்கே?

காலாண்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்க முடியாவிட்டால், சந்தைக் குறியீட்டில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கி வைக்கும் இண்டெக்ஸ் ஃபண்ட் வாங்கிவிட்டு நிம்மதியாக இருங்கள் அம்மா. அதுவும் விதிப்படி வாங்குவதுதான், விதியை வேறொருவர் எழுதியிருக்கிறார்.

விதி 'வாங்கு' என்கிறது, என் உள்மனசு 'வேண்டாம்' என்கிறது. எதைக் கேட்பது?

விதியைக் கேளுங்கள், உள்மனசையும் எழுதிவையுங்கள். தேதி, பங்கின் பெயர், விதி என்ன சொன்னது, நான் ஏன் மீற நினைத்தேன். 20, 30 பதிவு சேர்ந்த பிறகு உட்கார்ந்து பாருங்கள், உங்கள் உள்மனசின் மதிப்பெண் உங்கள் கையெழுத்திலேயே இருக்கும். என் நோட்டில் அது படு மோசம். உங்களுடையது நன்றாக இருக்கலாம், அப்படி இருந்தால் எனக்கும் எழுதுங்கள்.

விதிகளை எப்போது மாற்றலாம்?

வருஷத்துக்கு ஒரு நாள், காலண்டரில் முன்கூட்டியே குறித்த நாளில் மட்டும். நஷ்டமான வாரத்தில் கூடாது, பெரிய லாபம் வந்த வாரத்தில் கண்டிப்பாகக் கூடாது. மாற்றும்போது பழைய தாளைக் கிழிக்காமல் தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் அப்படி நாலு தாள் இருக்கிறது. நாலாவது தாளில் செய்த முக்கியமான மாற்றம், மூன்றாவது தாளில் செய்ததை நீக்கி இரண்டாவது தாளுக்குத் திரும்பியது.